மாமியார் இல்லாத வீட்டில் மாமியாரோடு

ஒஸ்லோ, ரொம்சோஸில் இருக்கும் அன்பு மச்சான் அருளானந்தனுக்கு,

கல்கரியிலிருந்து மகேசன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீங்களும் வீட்டாரும் முழங்கால் உட்படச் சுகமாயிருக்க வேண்டும்.

மகன் கீர்த்திகன் கனடாவில் வேலை எடுத்ததும், "ஒரு வருசம் வந்து இருந்து பாருங்கோ, பிடிச்சால் நில்லுங்கோ" என்று எங்களையும் அழைத்தது உங்களுக்குத் தெரியும். வந்தோம், பார்த்தோம், பிடிக்கவில்லை. ஒஸ்லோவில் வழி தவறினால் பள்ளத்தைப் பார்த்து நடந்தால் கடல் வந்துவிடும். இங்கே நடக்க நடக்க வானம்தான் வருகிறது. பஸ் சாரதி "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒஸ்லோவில் ஒரு சாரதியும் என்னை இப்படிக் கேட்டதில்லையே என்று உருகிப்போய், முழங்கால் கதையை முதலிலிருந்து சொன்னேன். பின்னால் ஏற நின்றவர்களும் குளிரில் நின்று கேட்டார்கள். "அப்பா, அது சும்மா கேக்கிறது. நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு ஏறோணும்" என்று மகன் பிறகு சொன்னான்.

எனக்கு அதுகூடப் பரவாயில்லை. உங்கள் தங்கை கமலாதான் வந்த நாளிலிருந்து யன்னலடியிலேயே இருந்தாள். என்னை ஏசுவதைக்கூட விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. தமிழ்க் கடையில் சந்தித்த தர்மிகா என்ற பிள்ளை தன் வீட்டு விருந்துக்குக் கூப்பிட, கமலாவைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு தட்டுப் பருப்பு வடையும் சுடவைத்து, கூட்டிக்கொண்டு போனேன். தர்மிகா சொன்ன தெருவும் சரி, வீட்டு இலக்கமும் சரி. ஆனால் இந்த நகரத்தை நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் அதே இலக்கத் தெருவை வைத்திருக்கிறார்களாம். வடகிழக்கு என்று அவள் சொன்னது என் காதில் விழவில்லை. நாங்கள் போனது வடமேற்கு.

கதவைத் திறந்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. உள்ளே ஒரே சனம். வடையைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்து எங்களை உள்ளே இழுத்துவிட்டா. "தர்மிகா வெள்ளைக்காரனைக் கலியாணம் முடிச்சிருக்கிறாள் போலை. இவ மாமியாராக்கும்" என்று கமலா என் காதுக்குள் சொன்னாள். இருந்து சாப்பிட்டோம். எந்த ஊர் என்று கேட்டார்கள். நோர்வே என்றேன். கிழவி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு வந்து கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டா. இங்ரிட் என்று பெயர். இந்தப் புல்வெளியில் கமம் செய்ய நோர்வேயிலிருந்து வந்தவர்களின் பேத்தி. சின்ன வயதில் வீட்டில் கேட்ட நோர்வேஜியச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துச் சொன்னா. உடனே, ஒஸ்லோவில் டொக்டரிடம்கூடத் தான் வாய் திறக்காமல் என்னைக் கதைக்க விட்ட உங்கள் தங்கை, அதே மொழியில் கதைக்கத் தொடங்கினாள் மச்சான்! பிழை பிடிக்க அங்கே ஒருத்தருமில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். அப்போது தர்மிகாவின் போன் வந்தது. கமலா எடுத்தாள்.

"அன்ரி, எங்கை நிக்கிறீங்கள்?"

"உங்கடை வீட்டிலைதான் பிள்ளை. உம்மடை மாமியோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

"எனக்கு மாமியே இல்லையே, அன்ரி!"

அன்று அங்கே நடந்தது ஆளுக்கொரு தட்டோடு வரும் அயலவர் விருந்தாம்; வடையைக் கண்டு எங்களையும் அயலவர் என்று நினைத்தாவாம். பிறகு இங்ரிட்தான் எங்களைக் காரில் ஏற்றி வடகிழக்கில் கொண்டுபோய் விட்டா. தர்மிகா வீட்டில் சோறு முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் இந்த வயதில் எப்படி மச்சான் இருக்கிறது? கோடை முடிய வந்துவிடுவோம். லோறென்ஸ்கூக்கில் நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டை வாடகைக்குக் கொடுக்க வேண்டாம்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பனியில் ஒருத்தரும் வழுக்கி விழாமல் அம்மன் பார்த்துக்கொள்வா.

இப்படிக்கு,
மகேசன்

பி.கு: அண்ணை, கமலா எழுதுறன். இவர் எழுதினதை வாசிச்சனான். வீட்டை வாடகைக்குக் குடுங்கோ. புதன்கிழமையளிலை இங்ரிட்டுக்கும் அவவின்ரை சிநேகிதியளுக்கும் நான் நொஸ்க் பாசை படிப்பிக்கிறன். நான், அண்ணை! இவரும் அடுத்த மாரிக்கெண்டு பனி தள்ளுற மெசின் ஒண்டு வாங்கிக் கார் விடுற கராச்சிலை ஒளிச்சு வைச்சிருக்கிறார். திரும்பி வாற ஆள் செய்யிற வேலையே இது?