விலைக்கு இன்பாக்ஸுக்கு வரவும்

படம் வரையத் தெரிந்தவர் ஒருவர் ஒரு வீட்டில் இருந்தால், படம் விற்கத் தெரிந்தவர் ஒருவர் தானாகவே வந்து சேர்ந்துவிடுவார். நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எறும்புக்கு யாராவது ஆள் அனுப்புகிறார்களா?

இந்த இனத்துக்கு வெளியே பல பட்டங்கள் உண்டு. ஆலோசகர், வழிகாட்டி, டிஜிட்டல் நிபுணர், நலம்விரும்பி. நான் 'எங்கயோ' என்று பெயர் வைத்திருக்கிறேன். காரணம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் சொல்லும் முதல் வாக்கியம்: "உங்க திறமைக்கு நீங்க எங்கயோ இருக்க வேண்டியவங்க." எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்கும் தெரியாது.

எங்கயோவுக்குப் படம் வரையத் தெரியாது. அது குற்றமில்லை, எனக்கும்தான் தெரியாது. அவர் இதுவரை ஒரு படத்தை விற்றதில்லை, வாங்கியதில்லை, யாராவது சும்மா கொடுத்ததைச் சுவரில் மாட்டியதுகூட இல்லை. ஆனால் இணையத்தில் ஓவியம் விற்பது எப்படி என்று கேட்டுவிட்டால் போதும்: எந்தக் கிழமை படத்தைப் போட வேண்டும், எந்த நேரத்தில் ஜனங்கள் போனும் கையுமாகப் படுத்திருப்பார்கள், ஓவியர் சிரிக்கலாமா கூடாதா, சிரித்தால் பல் தெரியலாமா, பின்னால் செடி வைக்கலாமா, செடி நிஜமாக இருக்க வேண்டுமா பிளாஸ்டிக்கே போதுமா என்று உங்கள் டீ ஆறி, ஆடை கட்டி, அதில் கொசு விழும் வரை பேசுவார். கேட்காவிட்டாலும் பேசுவார்.

அவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஓவியம் இருக்கும் அறைக்குள் அவரை விடுங்கள். ஓவியத்தை ஒரு நொடி பார்ப்பார். உடனே போனை எடுத்துத் தூக்கிப் பிடித்து, அந்தப் போனுக்குள் தெரியும் ஓவியத்தைத்தான் உற்றுப் பார்ப்பார். "சூப்பர்" என்பார். படம் அவருக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. அவர் காசு கேட்க மாட்டார். "எனக்கு ஒண்ணும் வேண்டாங்க, நீங்க மேல வந்தா போதும்" என்பார். காசு வாங்குகிறவரை வேலையை விட்டு நிறுத்தலாம். சும்மா செய்கிறவரை என்ன செய்வீர்கள்?

என் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்த எங்கயோவைப் பற்றித்தான் சொல்கிறேன். தங்கைக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியில் பொட்டலத்துக்குப் படம் போடும் வேலை. ஸ்ட்ராபெரி கண்ணில்கூடப் படாத பிஸ்கட்டுகளுக்கு வருஷக்கணக்காக ஸ்ட்ராபெரி வரைந்து வரைந்து, கடைசியில் ஒருநாள் அலுத்துப்போய், சம்பளமில்லாத நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டின் பின்னறையில் கான்வாஸைச் சாய்த்து வைத்தாள். தனக்குத்தானே ஒரு கணக்கும் போட்டுக்கொண்டாள். விடுப்பு முடிவதற்குள் பெரிய படம் ஒன்றாவது விற்றால் வேலையை விட்டுவிடுவது. விற்காவிட்டால் மறுபடியும் ஸ்ட்ராபெரி. மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர், தங்கமான மனிதர். "உனக்கு எது சந்தோஷமோ அதைச் செய்" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என் பிரெண்டு ஒருத்தன் இருக்கான், இந்த ஆன்லைன்லாம் அவனுக்கு அத்துப்படி" என்று கூடவே சொல்லித் தொலைத்தார்.

அந்த நண்பர் தண்ணீர் ஹீட்டர் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருப்பதாகச் சொன்னார். பிறகு விசாரித்ததில், விற்ற ஹீட்டர் சுடவில்லை என்று போனில் திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவு என்று தெரிந்தது.

தங்கை வரைந்திருந்த பெரிய படம் ஒரு மாடிப்படி. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிதான். வளைவில் ஒரு சின்ன ஜன்னல், அது வழியாகச் சாயங்கால வெயில் வந்து படிகளில் படுத்திருக்கும். கீழ்ப்படியில் ஒரு ஜோடி செருப்பு. ஆள் யாரும் இல்லை, அவ்வளவுதான். எனக்கு ஓவியம் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனால் அதன் முன்னால் நின்றபோது, கை நிறையப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து பாதியில் இறக்கி வைத்த ஆசுவாசம் கிடைத்தது. என் தங்கைக்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை.

எங்கயோ அதைப் போனுக்குள் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சிஸ்டர், ஜனங்க படத்தை வாங்கறதில்லை. கதையைத்தான் வாங்கறாங்க. இதுக்கு என்ன கதை?"

"இது மாடிப்படிண்ணா."

"அது படம். கதை?"

"சாயங்காலம் வெயில் விழுந்துச்சு. நல்லா இருந்துச்சு. வரைஞ்சேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வலி இல்லையே சிஸ்டர். உங்க வாழ்க்கையில ஏதாவது பெரிய வலி, இழப்பு, துரோகம், அந்த மாதிரி…"

"அப்படி ஒண்ணும் இல்லைண்ணா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "நான் வேணா கொஞ்ச நேரம் வெளியே போயிருக்கட்டுமா?" என்றார்.

கடைசியில் எங்கயோவே ஒரு வலியை ஏற்பாடு செய்தார். தங்கையின் பெயரில் பக்கம் தொடங்கி, அதன் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, படத்தைப் போட்டு, கீழே "என்னை விட்டுப் போனவர்களின் காலடிச் சத்தம்" என்று எழுதினார். படத்தில் இருந்தது மாப்பிள்ளையின் செருப்பு. மறுநாள் எங்கள் பெரியம்மா போன் பண்ணி, "மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போயிட்டாராமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்று அழுதாள். பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை போனை வாங்கி, தான் இருப்பதாகச் சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படியில்லை.

"ஜனங்களுக்கு முடிஞ்ச படம் வேண்டாம் சிஸ்டர், முடியற படம்தான் வேணும். நீங்க வரையறதைப் பார்க்கணும்" என்றார் எங்கயோ. படம்தான் முடிந்துவிட்டதே என்றாள் தங்கை. அதனால் என்ன, கடைசித் தீற்றலைப் போடுவது மாதிரி நடிக்கலாமே. முடியை அவிழ்த்து விட வேண்டும், கன்னத்தில் கொஞ்சம் பெயிண்ட் இருக்க வேண்டும். "என் கன்னத்துல ஒட்டாதுண்ணா, நான் ஜாக்கிரதையாத்தான் வரைவேன்" என்றாள். "ஒட்டணும் சிஸ்டர்" என்றார். ஒட்டவைத்தார்கள். வெறும் பிரஷை வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். அவர் வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பிரஷ்ல கலர் இல்லைன்னு தெரியுது. லேசாத் தொட்டுக்கோங்க. சும்மா ஒரே ஒரு தொடல்."

தொட்டாள். வெயில் விழும் இடத்தில் ஒரே ஒரு மஞ்சள் தீற்றல். வீடியோவுக்கு நல்ல வரவேற்பு. நல்ல வரவேற்பு என்றால் என்ன ஆகும்? மறுநாளும் கடைசித் தீற்றல். ஸ்லோமோஷனில் ஒரு கடைசித் தீற்றல், மழைச் சத்தத்தோடு ஒரு கடைசித் தீற்றல், ஓவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போடும் ஒரு கடைசித் தீற்றல். உலகத்திலேயே இத்தனை தடவை முடிந்த ஓவியம் வேறு இருக்காது. தினமும் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இதெல்லாம் உறைக்குமா? நம் நகம் வளர்வதே நமக்குத் தெரிவதில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் நிஜமாகவே ஒருவர் படத்தை விரும்பினார். பல் டாக்டர் அம்மா ஒருவர். முதல் நாள் போட்ட புகைப்படத்துக்குக் கீழே, "என் கிளினிக்கில் ஆட்கள் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதை மாட்ட வேண்டும். என்ன விலை?" என்று கேட்டிருந்தார். எங்கயோ பதில் போட்டார்: "விலைக்கு இன்பாக்ஸுக்கு வரவும்." அந்த அம்மா இன்பாக்ஸுக்கு வந்தார். "வணக்கம். இந்த ஓவியம் உங்களுக்குள் எந்த நினைவைக் கிளறுகிறது?" என்று கேட்டது இன்பாக்ஸ். "கிளறுவதெல்லாம் நான் பல்லில்தான். விலை?" என்று அவர் எழுதினார். "உங்கள் ஆர்வம் எங்களை நெகிழ வைக்கிறது" என்று பதில் போயிற்று.

"விலையைச் சொல்லிடலாமேண்ணா" என்றாள் தங்கை.

"சொன்னா போயிடுவாங்க சிஸ்டர்."

"சொல்லாட்டி?"

"ஏங்குவாங்க."

அந்த அம்மா ஏங்கவில்லை. "நீங்கள் விற்கிறீர்களா இல்லையா?" என்று எழுதினார். எங்கயோ தொடையைத் தட்டிக்கொண்டு, "பார்த்தீங்களா, சூடு ஏறுது" என்றார். ஹீட்டர் கம்பெனியில் அவருக்குக் கிடைக்காத திருப்தி அது.

விடுப்பு முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் தங்கை அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். தன் சொந்த போனிலிருந்து டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பேசி, விலையைச் சொல்லி, முகவரியும் கொடுத்தாள். இரண்டு நிமிஷப் பேச்சு. "விலை சரிம்மா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்றார் அவர். என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, வித்துடுச்சு. மேனேஜர்கிட்ட வேலையை விடறேன்னு இப்பவே சொல்லிடட்டுமா?" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலைக் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. ஞாயிறு முடியட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். எங்கயோவும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்திருந்தார், வாங்குகிறவர் முகத்தில் பொங்கும் மகிழ்ச்சியைப் படம் பிடிக்க. டாக்டரம்மா பின்னறைக்குள் வந்தார். படத்தைப் பார்த்தார். ஓரமாக நகர்ந்து பார்த்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து, முதல் நாள் புகைப்படத்தைத் தேடி, ஓவியத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"நான் கேட்டது இதும்மா."

தங்கை போனைப் பார்த்தாள். கான்வாஸைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புகைப்படத்தில் வெயில் படியில் படுத்திருந்தது. கான்வாஸில் அது மஞ்சள் மெத்தையாக உப்பி, ஜன்னலை மறைத்து, செருப்பில் ஒன்றை விழுங்கியிருந்தது.

"அதுல வெயில் தானா வந்து விழுந்திருக்கு. இதுல யாரோ டார்ச் அடிக்கற மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா, மெதுவாகத்தான். "பழையபடி ஆக்க முடியுமாம்மா? நான் காத்திருக்கேன்."

"முடியாது டாக்டர். மேல போட்டது காஞ்சுடுச்சு. சுரண்டினா அடியில இருக்கறதும் சேர்ந்து வந்துடும்."

வேறு யாராவதாக இருந்தால் முடியும் என்று சொல்லி வாங்கவைத்திருப்பார்கள். இவள் சொல்லவில்லை. டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இங்கே பிடித்து முடித்த பிள்ளையாரை அல்லவா தட்டித் தட்டிக் குரங்காக்கிவிட்டார்கள்.

எங்கயோவின் போன் அப்போதும் தூக்கியபடியே இருந்தது. "சிஸ்டர், அப்படியே இருங்க, அசையாதீங்க. நீங்க காசு குடுத்தாலும் கிடைக்காத கன்டென்ட் இது. நிஜமான வலி."

"டேய், போனை உள்ள வைடா" என்றார் மாப்பிள்ளை. அவர் 'டேய்' என்று கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வைத்தார். ஆனால் அதற்குள் எடுத்துவிட்டாரே. அன்று சாயங்காலமே, "என் ஓவியத்தை உலகம் நிராகரித்த நாள்" என்ற தலைப்போடு அது வெளியே போயிற்று. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அழும் முகங்கள், கூப்பிய கைகள், உடைந்த இதயங்கள் வரிசை கட்டின. "தைரியமா இருங்க அக்கா" என்றார்கள். "அந்த டாக்டருக்கு ரசனை இல்லை" என்றார்கள். "ஓவியம் அருமை, என்ன விலை?" என்றுகூடச் சிலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே பொறுப்பாகப் பதில் இருந்தது, இன்பாக்ஸுக்கு வரவும் என்று. ஒருவரும் வாங்கவில்லை. எங்கயோவை மட்டும் இப்போது கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். ஓவியர்கள் தங்கள் படைப்பை இணையத்தில் சந்தைப்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. அனுபவசாலி அல்லவா?

தங்கை திங்கட்கிழமை ஸ்ட்ராபெரிக்குத் திரும்பிப் போனாள்.

உங்களுக்கு எங்கயோவின் மேல் கோபம் வருகிறது, தெரிகிறது. நீங்கள் அந்த ரகம் இல்லை. அதனால்தான் உங்களை நம்பி ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வாருங்கள், சத்தம் போடாமல் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், யாருக்கும் சொல்வதில்லை. லேசாகத் தள்ளுகிறேன். அதோ, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முடியை இறுகக் கட்டியிருக்கிறாள், கன்னத்தில் ஒன்றுமில்லை. அவள் தோளுக்கு மேலே புதுப் படம் தெரிகிறதா? நன்றாக இருக்கிறது, இல்லையா? மாடிப்படியைவிட நன்றாகவே இருக்கிறது. நாலு பேர் பார்க்க வேண்டிய படம். இது இந்த அறைக்குள்ளேயே கிடப்பது அநியாயம் என்றுகூட உங்களுக்குத் தோன்றுகிறது.

சரி. உங்கள் வலது கை சட்டைப் பைக்குள் என்ன தேடுகிறது?

மெதுவாக வெளியே எடுங்கள். கையை மட்டும்.