புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

ஒரு வீட்டில் எந்தப் பொருளை அதிகமாகச் சீராட்டுகிறார்கள் என்று பார்த்தால், அது யாருக்கும் பயன்படாத பொருளாகத்தான் இருக்கும். தினமும் அரைத்துக் கொட்டும் மிக்ஸியை யாராவது தடவிக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஷோகேஸில் தூங்கும் கண்ணாடி டீ செட்டுக்குத்தான் குளியலும் துவட்டலும். என் மாமனார் வீட்டில் அந்த ராஜ மரியாதை ஒரு துப்பாக்கிக்கு.

பயந்துவிடாதீர்கள், மாமா ரௌடி இல்லை. வால்பாறைப் பக்கம் டீ எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுப்பன்றித் தொல்லைக்காக முறையாக லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. வாங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சுட்டிருக்கிறார். அதுவும் வானத்தைப் பார்த்து. தோட்டத்துக்குள் வந்த யானை சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததாம். பிறகு மிச்சமிருந்த வாழையையும் தின்று முடித்துவிட்டுக் கிளம்பியதாம். (இது அத்தை சொல்லும் கதை. மாமா சொல்லும்போது யானைக்கு உயரமும் கூடுதல், பயமும் கூடுதல்.)

ஆழ்வார்பேட்டையில் காட்டுப்பன்றி ஏது? ஆனாலும் அந்தத் துப்பாக்கி இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்குக் கூடவே வந்து, பீரோவுக்குள் பச்சைக் கம்பளி உறையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. அவ்வப்போது மாமா கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு எண்ணெய் போடுவார். ஆயுத பூஜையன்று மட்டும் அது ஹாலுக்கு வரும். சந்தனம், குங்குமம், பூமாலை எல்லாம் உண்டு. தோட்டா மட்டும் கிடையாது. அது வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டில்.

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஊரூர் குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்பவள். நானும் முரளியும் தேனாம்பேட்டையில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம், ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டோம். அத்தை சீக்கிரமே என்னைச் சேர்த்துக்கொண்டார். மாமாதான் என்னோடு பேசவில்லை. கோபித்தார், கத்தினார் என்றெல்லாம் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். “அந்தப் பொண்ணுக்கு ரசம் வேணுமான்னு கேளு” என்பார் அத்தையிடம். அத்தையும் என் பக்கம் திரும்பி, “ரசம் வேணுமா?” என்பார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ரசம் வரும்.

நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. இந்த மனுஷனை என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வைக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பிடித்த மாதிரி டிகாக்‌ஷன் தூக்கலாகக் காபி போட்டேன். “காபி நல்லா இருந்ததுன்னு சொல்லிடு” என்று அத்தைக்குத் தகவல் போயிற்று. அம்மா கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தில் குழம்பு வைத்தேன். ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவர், தட்டைப் பார்த்து “பிரமாதம்” என்றார். தட்டு எவர்சில்வர். அது என்ன பதில் சொல்லும்?

அப்போதுதான் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பத் தருவார்கள். அந்த வருஷம் ஒப்படைக்கச் சொன்ன கடைசி நாள், ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்து தொலைத்தது.

“வருஷா வருஷம் பொட்டு வெச்சுக் கும்பிட்ட பொருள். பொட்டு வெக்காம அனுப்ப மாட்டேன்” என்றார் மாமா, அத்தையிடம்.

ஆக, துப்பாக்கிக்கு மட்டும் முன்கூட்டியே பூஜை. கடைசி நாள் காலையில் ஹாலில் மனை போட்டு, மாலை சாத்தி, கற்பூரம் காட்டினார். “ஸ்டேஷனுக்குச் சந்தனத்தோட கொண்டுபோனா சிரிப்பாங்க. தொடச்சு உறைல போட்டு வை” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, லைசென்ஸை ஜெராக்ஸ் எடுக்கப் போனார். அத்தைக்குக் கபாலி கோயிலுக்கு நேரமாகிவிட்டது. “நீ தொடச்சு வெச்சிடறியாம்மா? அப்படியே மாமாவுக்குத் துணையா ஸ்டேஷனுக்கு நீயும் போயிட்டு வா. முரளிக்கு லீவு கிடைக்கல.”

அடித்தது யோகம்! மாமாவின் உயிர் என் கையில். இதைப் பளிச்சென்று பண்ணிக் கொடுத்தால் எந்த மாமனார்தான் பேசாமல் இருப்பார்?

அன்றுதான் அதை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறேன். சந்தனத்தைத் துடைத்தேன். அடியில் குழல் கன்னங்கரேல் என்று இருந்தது. துடைத்த துணியிலும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. ‘ஐயோ பாவம், எத்தனை வருஷத்து அழுக்கு! ஆம்பளைங்க சாமான் தேய்ச்சா இந்த லட்சணம்தான்’ என்று நினைத்துக்கொண்டேன். (அந்தக் கறுப்பு அழுக்கில்லை, துருப் பிடிக்காமலிருக்கக் குழலுக்குப் பதமாக ஏற்றியது, துப்பாக்கிக்காரர்கள் அதற்காகவே உயிரை விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்?) உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“இன்னாடி, வியாபார நேரத்துல?”

“இரும்பு சாமான் ஒண்ணு கரி புடிச்ச மாதிரி கீதும்மா. எப்டி வெளுக்க வெக்கிறது?”

“இன்னா சாமான்?”

துப்பாக்கி என்று சொன்னால் மீன் கூடையோடு வந்து இறங்கிவிடுவாள். “பைப்பும்மா. ரெண்டு பைப்பு.”

“புளிய கரைச்சு ஊத்தி, சாம்பல போட்டுத் தேயி. அதுக்குப் போவாத அழுக்கு இன்னா கீது? கை வலிக்குதுன்னு பாதில வுட்டுடாத, இன்னா?”

அம்மா சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

புளி இருந்தது. ஃபிளாட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? பூஜையறையில் ஒரு பொட்டலம் விபூதி இருந்தது. சாமி காரியம்தானே என்று அதையே எடுத்துக்கொண்டேன். துணி துவைக்கிற பால்கனியில் உட்கார்ந்து, தேங்காய் நாரால் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு கழன்றது, உள்ளேயிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. அடேங்கப்பா! அப்புறம் என்னை யார் பிடிப்பது? தோள்பட்டை கழன்றது, நகம் உடைந்தது, நான் விடவில்லை. ஒரு குழல் வெளுத்ததும் மற்றது பார்க்கச் சகிக்கவில்லை. அதையும் ஒரு கை பார்த்தேன். கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி நிமிர்ந்தபோது, கல்யாணச் சீரில் வைக்கிற புதுக் குடம் மாதிரி மின்னியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் மூச்சு விடாமல் உறைக்குள் போட்டு வாரை இறுக்கிவிட்டேன்.

ஆட்டோவில் மாமா உறையை மடியில் கிடத்திக்கொண்டார். நான் பக்கத்தில், ஃபைலோடு.

“அந்தப் பொண்ணு சரியா உட்கார்ந்தாச்சா, பாருப்பா” என்றார் ஆட்டோக்காரரிடம்.

அவர் திரும்பிப் பார்த்தார். “பக்கத்துலதான குந்திகினு கீது, நைனா!”

இன்னும் கொஞ்ச நேரம்தான், மாமா. உறையைத் திறந்ததும் நீங்களே பேசுவீர்கள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் மாமா வயதுக்காரர்களாக ஒரு வரிசையே இருந்தது. ஒருவருடையது வெல்வெட் உறை, ஒருவருடையது பழைய போர்வை. பள்ளிக்கூடத்தில் குழந்தையை முதல் நாள் விடவந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக எப்போது சுட்டோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்ன எண்ணெய் போடுகிறோம், மழைக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுகிறோம் என்றுதான் பேச்சு.

“நம்ம பீஸைப் பார்த்ததில்லையே நீங்க?” என்று மாமா வெல்வெட் உறைக்காரரிடம் வாரை அவிழ்க்க ஆரம்பித்தார். “அந்த நீலக் கறுப்பு இருக்கே, அதான் சார் இதுக்கு உயிரே. இப்ப அந்த மாதிரிக் கறுப்பு யாராலயும் ஏத்த முடியாது.”

கறுப்பா? ஏத்தறதா? “மாமா, ஒரு நிமிஷம்...” என்பதற்குள் உறை திறந்துவிட்டது.

ட்யூப்லைட் வெளிச்சம் குழலில் பட்டு மாமாவின் முகத்திலேயே அடித்தது. வெல்வெட் உறைக்காரர் தன் துப்பாக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமா உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். பாவம், நிஜத் துப்பாக்கி உள்ளே இருக்கும் என்று தேடினார் போல.

பதிவேடு எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் எட்டிப் பார்த்தார். “என்ன சார், புதுசா? போன எலக்‌ஷனுக்குக் கறுப்பால்ல ஒண்ணு கொண்டாந்தீங்க? லைசென்ஸ்ல இருக்கறது ஒண்ணு, கொண்டாறது ஒண்ணுன்னா கேஸாயிடும், சார்.”

கேஸா? ஒரு தடவைக்கு மேல் சுடாத மனுஷரை நானே உள்ளே தள்ளப்போகிறேனா? மாமா என் பக்கம் கையை மட்டும் நீட்டி, “அந்தப் பொண்ணுகிட்ட... என்ன பண்ணுச்சுன்னு... கேளுங்க” என்றார் ரைட்டரிடம்.

ரைட்டருக்கு வந்ததே கோபம்! “எனக்கு வேற வேலை இல்ல? பக்கத்துலதான நிக்கறாங்க? நீங்களே கேளுங்க, சார்!”

மாமா மெதுவாகத் திரும்பினார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல்தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தார்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?”

“புளி போட்டுத் தேய்ச்சேன், மாமா.”

“புளி மட்டும் போட்டா இவ்ளோ பளபளப்பு வராதே?” என்றார் ஓரத்தில் இருந்த பெண் கான்ஸ்டபிள். “விபூதியும்” என்றேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரைட்டர் குழலை வெளிச்சத்தில் திருப்பி நம்பரைச் சரிபார்த்தார். “அதே நம்பர்தான். போன தடவை டார்ச் அடிச்சுத் தேடினேன், சார். இப்பக் கண்ணாடி மாதிரித் தெரியுது. எல்லாரும் இப்படியே தேய்ச்சுக் கொண்டாந்தா எங்களுக்கும் சௌகரியம்” என்று முத்திரை குத்தினார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் மாமா திட்டினார். அப்படி ஒரு திட்டு! “உனக்கு அறிவிருக்கா? அது துப்பாக்கியா, குத்துவிளக்கா? கைல கிடைச்சதெல்லாம் தேய்ச்சுடுவியா?” நான் அழுதேன். அழுகைக்கு நடுவில் ஒன்று உறைத்தது. உனக்கு, நீ, உன்னை! அத்தனையும் நேராக எனக்கு! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?” என்றார்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “எப்படிக் கேக்கறது, மாமா? நீங்கதான் என்னோட பேசவே மாட்டீங்களே! அந்தப் பொண்ணு யாரைப் போய்க் கேக்கும்?”

மாமா வெளியே திரும்பிக்கொண்டார். தப்பாகப் பேசிவிட்டோமோ என்று எனக்குப் பயம். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். கீழே இறக்கிவிட்டுப் போய்விடுவாரோ என்று பார்த்தேன். டீக்கடையைக் காட்டி, “டீ குடிக்கறியாம்மா?” என்றார். சர்க்கரை தூக்கலா, குறைவா என்றும் அவரே கேட்டார்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி வந்ததும், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் பார்த்துவிட்டு முதலில் ‘உச்’ கொட்டினார். பிறகு, “பழைய நிறம் வராது, ஆனா திரும்பக் கறுப்பேத்தித் தரேன், சார்” என்றார். மாமா என்னைப் பார்த்தார், குழலைப் பார்த்தார்.

“வேணாம், இப்படியே இருக்கட்டும். கறுப்பாக்கினா என் மருமக மறுபடியும் தேய்ப்பா.”

அந்த ‘என் மருமக’வை வீடு வரைக்கும் நான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று சாம்பார் கிடையாது, ரசம் கிடையாது. சர்க்கரைப் பொங்கலும் தயிர்சாதமும்தான். புது ஆட்கள் யாராவது, “இது என்ன, உங்க வழக்கமா?” என்று கேட்டால், மாமா முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், “ஆமா, மருமக கொண்டுவந்த வழக்கம்” என்பார். சிரிக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எங்கள் பாடு. விடியற்காலையிலேயே பீரோவைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுப்பார். அது படுத்திருந்த இடத்தில் புளி ஜாடியை வைப்பார். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, அத்தையிடம் இல்லை, என்னிடம்தான் குரல் கொடுப்பார்:

“இப்ப வந்து சந்தனத்தைத் தொட்டு வைம்மா!”