ஜூரி அண்ணையும் ஒரு பழைய ஐரிஸும்

பாரிஸ் லா சப்பலில் நான் பாக்காத விசரர் இல்லை. ஆனால் தூரத்தில் கண்டவுடனை றோட்டின்ரை மற்றக் கரைக்கு மாறிப் போறது எண்டால் அது ஜூரி அண்ணைக்கு மட்டும்தான்.

சொந்தப் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. வேலை ரூ லூயி-பிளாங் எண்ட றோட்டில ஒரு ரெலிபோன் கடையில். ஞாயிறு வந்தால் பாரிசுக்கு வெளியில செவ்ரானில் தோட்டக்காரற்றை பூக்காட்சியில் ஐரிஸ் பூக்களுக்குப் புள்ளி போடுவார். அந்த நடுவரைப் பிரெஞ்சில் ஜூரி எண்டுவினம். மரியாதை அவருக்கு அங்கை, கரைச்சல் எங்களுக்கு இஞ்சை.

மனிசன் பூவோடை நிப்பாட்டினாரோ எண்டால் இல்லை. கலியாணவீட்டில் கூறைக்குப் புள்ளி போடுவார். செத்தவீட்டில் இரங்கல் உரைக்குப் புள்ளி போடுவார். சாப்பாட்டுக்கடையில் வடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, ஓட்டை நடுவில இல்லை எண்டு புள்ளி குறைப்பார். புது ரெலிபோன் வாங்க வந்த சனத்தை, கையில இருக்கிற பழசுக்கு என்ன குறை எண்டு கேட்டுத் திருப்பி அனுப்புவார். முதலாளி தலையில அடிச்சுக்கொள்ளுவார்.

அவரின்ரை வேதம் ஒண்டுதான். புது இன ஐரிஸ் எண்டால் இதழ் அகலமாய், ஓரம் சுருக்கு வைச்ச சட்டை மாதிரி நெளிஞ்சு, விறைப்பாய் நிக்கோணும். பழைய இனம் ஒடுங்கின இதழோடை தொங்கிக்கொண்டு நிக்கும், ஆனால் வாசம் இருக்கும். புதிசின்ரை அளவைக் கொண்டுபோய்ப் பழசில வைக்கக்கூடாது. இதை மெட்ரோவுக்குள்ளை என்ரை காதுக்கை எத்தினை தரம் ஓதியிருப்பார் எண்டு கேக்காதேங்கோ.

இனி என்ரை மனிசி பவானி. கந்தோர், ஒபிஸ் துப்பரவாக்கிற வேலை. செவ்ரானில் எங்களுக்குக் கிடைச்ச தோட்டத்துண்டில, முந்தி வைச்சிருந்த பிரெஞ்சுக் கிழவி விட்டிட்டுப் போன பழைய ஐரிஸ் கிழங்கு ஒண்டு கிடந்தது. மாரியில அழுகத் தொடங்கிச்சு. தப்பிப் பூத்தால் முதல் பூ பிள்ளையாருக்கு எண்டு பவானி நேர்ந்தாள். பூத்திட்டுது, ஒரே ஒரு தண்டில ஒரே ஒரு பூ. அதைக் காட்சிக்கு வைச்சிட்டு அப்பிடியே கோயிலுக்குக் கொண்டுபோறது எண்டு முடிவு.

பரிசு அவளுக்குப் பெரிசில்லை. முதலாவதாய் வந்த ஆளின்ரை பேரை மைக்கில கூப்பிடுவினம். இந்த நாட்டில அவளை விசாக் குடுக்கிற பிரெபெக்சரில நம்பர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாங்கள். வேலையில வெறும் மதாம். ஒருக்காவெண்டாலும் தன்ரை பேரைச் சபையில கேக்கோணும் எண்டு அவளுக்கு உயிர்.

பழைய இனங்களுக்கு நடுவர் ஜூரி அண்ணை. நிறத்துக்கு, வடிவுக்கு, தண்டுக்கு எல்லாம் அள்ளிப் போட்டார். பிறகு வாசத்துக்கு எண்டு குனிஞ்சார்.

"அண்ணை, மணந்து பாக்காதேங்கோ. அது பிள்ளையாருக்கு நேர்ந்த பூ" எண்டாள் பவானி.

மனிசன் சுட்டதுபோல நிமிர்ந்தார். மணந்த பூவைச் சாமிக்கு வைக்கேலாது எண்டது அவருக்கும் தெரியும்தானே. பக்கத்தில நிண்ட பிரெஞ்சுக்காரருக்கு ஒண்டும் விளங்கேல்லை. வாசம் தானாய் மூக்குக்கு வருகுது, அதுக்குப் போடுங்கோவன் எண்டு நான் கெஞ்சினன். காத்தில வந்தது எந்தப் பூவின்ரை வாசம் எண்டு தனக்கு எப்பிடித் தெரியும் எண்டார். பவானியிட்டைத் திரும்பி, பிள்ளையாருக்கு வேறை பூ வாங்குவம் எண்டன். அவள் மாட்டன் எண்டு தலையாட்டினாள். அவர் வாசத்துக்குச் சைபர் போட்டார். வேறை ஆரோ ஒருத்தற்றை பேரை மைக்கில கூப்பிட்டினம்.

றெயிலில பவானி பூவை மடியில வைச்சுக்கொண்டு இருந்தாள். கோயிலுக்குத் தானும் வாறன் எண்டு முன் சீற்றில அந்த மனிசன். எனக்கு வந்த விசருக்கு, இனிச் செத்தாலும் இவரோடை கதைக்கிறேல்லை எண்டு ஜன்னலைப் பாத்துக்கொண்டு வந்தன்.

கோயிலில பூசை முடிஞ்சு ஐயர் பூவைத் திருநீறோடை திருப்பித் தந்தார். ஜூரி அண்ணை ரெண்டு கையையும் நீட்டினார்.

"தங்கச்சி, இப்ப மணக்கலாம்தானே?"

பவானி குடுத்தாள். மனிசன் கண்ணை மூடிக்கொண்டு மணந்தார். பின்னால நிண்ட சனம் நெருக்குது, ஆள் அசையேல்லை. பிறகு நேரை போய், அன்னதானம் அறிவிக்கிற மைக்கைக் கையில எடுத்தார். நான் தூணுக்குப் பின்னால ஒளிச்சன்.

"பழைய ஐரிஸ் பிரிவு. மதாம் பவானி. வாசத்துக்கு முழுப் புள்ளி. அங்கை அறிவிச்சது அறிவிச்சதுதான், அதை மாத்தேலாது. ஆனால் இதுவும் முடிவுதான்."

ஆருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. பிறந்தநாளாக்கும் எண்டு நினைச்சு ரெண்டு மூண்டு பேர் கை தட்டிச்சினம். பவானி சீலைத் தலைப்பால முகத்தை மூடிக்கொண்டு அழுதாளோ சிரிச்சாளோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

இண்டைக்கும் அவரைக் கண்டால் நான் றோட்டு மாறித்தான் போறன். ஆனால் பிள்ளையாரைக் கும்பிடேக்கை, அந்த விசர் மனிசனுக்கு ஒரு குறையும் வரக்கூடாது எண்டும் சேத்துத்தான் கும்பிடுறன்.