கடவுச்சொல் சரி, ஆனால் உள்ளே விட மறுக்கிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் என் மகளும் நலமாயிருக்க வேண்டும். எங்கள் நலம் வியாழக்கிழமைக்குப் பிறகுதான் தெரியும். தொலைபேசியிலேயே பேசியிருப்பேன்; உங்கள் மாமியார் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். ஆகவே காகிதத்தில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படிக்கவும்.

சென்ற ஆண்டு எங்கள் பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தபோது, "மாமா, இது சண்டித்தனம் பண்ணாது" என்றீர்கள். குறை சொல்லவில்லை, பதினோரு மாதம் பண்ணவில்லை. சனிக்கிழமை காலை, புதுப்பிப்புகள் வந்திருக்கின்றன, நிறுவலாமா என்று கேட்டது. பணிவாகக் கேட்பவர்களை நான் மறுத்ததில்லை. சரி என்றேன். பாதியில் ஆங்கிலத்தில் ஏதோ முனகியது, கண்ணாடியை எடுப்பதற்குள் மறைந்துவிட்டது. பிறகு அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். அன்றுமுதல் கடவுச்சொல்லைத் தட்டினால் திரை ஒரு நொடி கறுக்கிறது; உடனே, என்னை முன்பின் பார்த்திராத முகத்தோடு அதே திரை வந்து அதே கடவுச்சொல்லைக் கேட்கிறது.

வகுப்பில் செய்வதுபோல் ஒரு சோதனை செய்தேன். வேண்டுமென்றே தவறான சொல்லைக் கொடுத்தால் "தவறு" என்கிறது. சரியானதைக் கொடுத்தால் ஒன்றும் சொல்லாமல் வெளியே தள்ளுகிறது. எடுத்துக்காட்டாக, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆசிரியரும் "உள்ளேன் ஐயா" என்றதைக் காதில் வாங்கிக்கொள்கிறார், ஆனால் வகுப்பறைக் கதவு மட்டும் திறக்கவில்லை. திரை மூலையிலிருக்கும் பற்சக்கரப் படத்தை அழுத்தி வேறு திரைவகையைத் தேர்ந்தும் பார்த்தேன். நீங்கள் எழுதி ஒட்டியிருந்தபடி மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதில் கறுப்புத் திரை வந்தது. அது அதே கடவுச்சொல்லை ஏற்று என்னை உள்ளே விட்டது. உள்ளே போய் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நானும் அதுவும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் கணினியல்ல, மாப்பிள்ளை. வியாழக்கிழமை உங்கள் மாமியாரின் குரல்வளையை எடுத்துவிடுகிறார்கள். இப்போதே குரலில் மிச்சமிருப்பது வெறும் காற்றுதான். சென்ற மாதம், குரல் நன்றாக இருந்தபோதே, முன்னறையில் மைக்கை வைத்துப் பத்து நாள், பள்ளிப் புத்தகத்திலிருந்து நாளைக்கு ஒன்றாகப் பத்துப் பாடங்களை அவளைப் படிக்கவைத்துக் கணினியில் பதிவுசெய்தேன். "வாழைப்பழம்" என்ற சொல்லுக்காக மட்டும் நான்குமுறை நிறுத்தித் திருத்தினேன். அந்தக் குரல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இன்று பழுதுபார்ப்பவர் வந்தார்.

"சார், எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம். ஒரு மணி நேர வேலை."

"உள்ள இருக்கறது?"

"அதுவும் போயிடும். முக்கியமா ஏதாவது இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கிசுகிசுத்தாள்: "பெருசா ஒண்ணுமில்லப்பா. என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு, சாவி செல்லலன்னு நிக்கறாரு."

மனிதர் பையை எடுத்துக்கொண்டு, மாலையில் வருகிறேன் என்று போய்விட்டார். அவர் அழித்துவிடுவாரோ என்ற பயத்தில் எழுதுகிறேன். எந்த வேலையிருந்தாலும் விட்டுவிட்டுப் புதன்கிழமைக்குள் வந்து, எப்படியாவது அந்தப் பத்துப் பாடங்களை மீட்டுக்கொடுங்கள். வேறொன்றும் கேட்கமாட்டேன்.

மகளுக்கு என் ஆசிகள். இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டுக் குறையில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பழுதுபார்ப்பவர் திரும்பி வந்தார். அழிப்பதற்கு முன் கணினியின் சேமிப்பு வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்த்தார். துளியும் இல்லை. அதனால்தான் புதுப்பிப்பும் பாதியில் நின்று, என்னையும் உள்ளே விடவில்லையாம். அடைத்துக்கொண்டிருந்தவை என் ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நாள் நீளம். அவற்றை அவர் தான் கொண்டுவந்த வட்டுக்கு நகர்த்தியதும் கணினி மறுபேச்சில்லாமல் திறந்தது.

தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். முதல் நாள் கைதவறி இருமுறை அழுத்தியிருக்கிறேன். அதிலிருந்து அவள் படிக்கும்போதெல்லாம் பதிவு நின்றிருக்கிறது, படித்து முடித்து நான் "நிறுத்தியதும்" ஓடியிருக்கிறது. விடைத்தாளைத் திருப்பிப் பார் என்று முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளை விரட்டியவன், ஒரு பதிவைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை. பத்துப் பாடங்களில் ஒரு வரிகூட இல்லை, மாப்பிள்ளை. இருப்பதெல்லாம் பத்து நாள் வீட்டுப்பேச்சு. மருந்து எங்கே, குழாயை மூடினீர்களா, மகள் கூப்பிட்டாள், முதுகு வலிக்கிறது, ஏங்க, நான் சொல்றது கேட்குதா.

இருவரும் உட்கார்ந்து, பத்தையும் அங்கங்கே தள்ளித் தள்ளி ஒரு மணி நேரம் கேட்டோம். அவள் கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"இதுல நீங்க எங்க? பத்து நாளா 'ம்'னு மட்டும்தான் இருக்கு."

நான் அதற்கும் "ம்" என்றுதான் சொன்னேனாம். நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப்போட்டு உட்காரச் சொல்கிறாள். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கடிதத்தை இத்தோடு நிறுத்துகிறேன்.