கிளிசரின் கடையின் மூன்றாவது விளக்கு

சூரியநெல்லியில் கிளிசரினைப் போல மனிதர்களின் மூஞ்சியைக் கெடுத்த ஆள் வேறு கிடையாது. அம்மை நோய்கூட அவருக்கு அடுத்தபடிதான்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பேக்கரிக்கு மேலே ஒரே அறையில் போட்டோ ஸ்டுடியோ. சுவர், கூரை எல்லாம் கறுப்புத் துணி. நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணீரில் கிளிசரின் கலந்து முகத்தில் பீச்சி அடிப்பார். கல் உடைத்துவிட்டு வந்தவன்போல முகமெல்லாம் துளி நிற்கும். காதுகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு விளக்கு, நெற்றிக்கு மேலே ஒன்று. மூன்றாவதற்கு ஸ்டாண்டு கிடையாது. கூட வந்த ஆள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை ஒரு விரற்கடை இறங்கினால் பிடித்தவரின் பரம்பரையையே திட்டுவார்.

எடுத்த படத்தோடு இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு கரையை வெளுப்பார், மறு கரையைக் கறுப்பார். மீசை முடியை எண்ணலாம். கண்ணுக்குள் விளக்கு எரியும். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பெண் உள்ளே போனால் அரிவாள் இல்லாத காவல் தெய்வம் வெளியே வரும்.

அடையாள அட்டைக்கு என் சித்தப்பா அவரிடம் போய் எடுத்தார். பஞ்சாயத்து ஆபீசில் இருந்த பெண் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சேட்டா, இது போட்டோயாணோ, வரச்சதாணோ?"

"போட்டோவா, வரைஞ்சதான்னு எனக்கே தெரியல மோளே."

ஒரு கல்யாணப் பெண் தன் படத்தைப் பார்த்து அங்கேயே அழுதாள். கிளிசரின் காமிராவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "அப்படியே இரு தாயி, அசையாத. தண்ணி அடிக்கிற வேல மிச்சம்."

ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மலையேறி வாறவன் எல்லாம் தேயிலையத்தான் பாக்கான். அதக் கிள்ளுறவ மூஞ்சிய எவன் பாக்கான்? என் படத்தப் பாக்காமப் போகச் சொல்லு, பாப்போம்."

திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் தம்பி பாண்டி ஜீப் ஓட்டினான். சூரியோதயம் பார்க்க வருகிறவர்களை மலைக்கு ஏற்றிப் போகிற ஜீப். பத்து வருஷம் ஜன்னலோரமாகவே உட்கார்ந்து, வெயிலும் பனிக்காற்றும் அடித்து, அவனுடைய வலது கன்னம் கறுத்து வெடித்துக் கிடந்தது. இடது கன்னம் வேறொருவனுடையதுபோல வெளுப்பாக இருக்கும். பெண் வீட்டுக்குக் கொடுக்கப் படம் வேண்டும் என்று கிளிசரினிடம் போனோம். விளக்கைப் பிடித்தது நான். மூன்றாம் நாள் படம் வந்தது. வலது கன்னத்தில் ஒவ்வொரு வெடிப்பும் ஆற்றுப் பள்ளம் மாதிரி தெரிந்தது.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்கவா, பேய் ஓட்டவா?" என்றான் பாண்டி.

"உன் மூஞ்சிதானலே இது?"

"அதுக்காக இவ்வளவா?"

நான் பக்கத்தில் கிடந்த அந்த விளக்கை எடுத்து அவர் மேஜையில் எறிந்துவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மூணாறில் வேறு கடையில் எடுத்தோம். வெண்ணெய் தடவியதுபோல இரண்டு கன்னமும் ஒரே வெள்ளை. பெண் வீட்டில் சம்மதித்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

ஐப்பசியில் போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், மூடுபனியில் ஜீப் உருண்டது.

ஆஸ்பத்திரியில் கால் விரலையும் சட்டையையும் பார்த்து நான்தான் அடையாளம் சொன்னேன். முகத்தைத் திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பெட்டியை மூடியபடியே கொண்டுவந்து, மூடியபடியே அடக்கம் செய்தோம். அம்மா அழவில்லை.

"உள்ள இருந்தது எவ பெத்த புள்ளையோ" என்றாள்.

எங்கள் பக்கம் யாராவது செத்தால் முச்சந்தியில் 'ஆதராஞ்சலி' என்று அஞ்சலி பிளெக்ஸ் வைப்பது வழக்கம். ஜீப் டிரைவர்கள் படம் கேட்டார்கள். நான் மூணாறு படத்தைக் கொடுத்தேன். பார்க்க நன்றாக இருக்குமே என்று கொடுத்தேன். என்னைவிட முட்டாள் இந்த மலையில் இல்லை.

அம்மா பிளெக்ஸைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல? செத்தது யாரோ வெள்ளையா ஒரு பய. பாவம், அவன் ஆத்தாளுக்குச் சொல்லி விடுங்கப்பா."

அதற்குப் பிறகு பஸ் நிற்கிற ஷெட்டில் போய் உட்கார்ந்தாள். நாலு நாள். சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். அது போனதும் உட்காருவாள்.

ஐந்தாம் நாள் காலையில் கிளிசரின் கடைக்குப் படியேறினேன்.

"விளக்கப் போட்டு உடைச்சவன்தான நீ?"

"பாண்டி படம் இருக்கா, இல்லையா?"

கம்ப்யூட்டரைத் திறந்தார். திரை முழுக்கப் பாண்டி. ஆஸ்பத்திரியில் நான் தேடிக் கிடைக்காத முகம். நான் திரும்பிக்கொண்டேன்.

அவர் வேலையை ஆரம்பித்தார். முகத்தில் நின்ற துளிகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஒரு துளி போனால் அந்த இடத்தில் தோலை, மயிர்க்காலோடு திரும்ப உண்டாக்கினார். வாழ்க்கையில் எதையும் கூட்டியே பழகிய ஆள்.

"என்ன பண்றீங்க?"

"இது நான் அடிச்ச தண்ணி. அவன் வேர்வ இல்ல. அழிக்கேன்."

"அந்தக் கன்னத்தையும் கொஞ்சம் கொறச்சா…"

"வாய மூடு."

சாயங்காலம் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வெடிப்பைக்கூடக் குறைக்கவில்லை.

மறுநாள் பிளெக்ஸை மாற்றிக் கட்டினோம். தேர்தல் நேரம். லாரியை நிறுத்தி ஒருவன், "சேட்டா, ஏது வார்டா?" என்று, எந்த வார்டு வேட்பாளர் என்பதுபோலக் கேட்டான். இருட்டைப் பின்னால் போட்டுக் கண்ணில் தீயோடு நின்றவனைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். டிரைவர்களுக்கே பிடிக்கவில்லை. "சண்டைக்குப் போற மாதிரில்ல இருக்கான்" என்றார்கள்.

அம்மா ஷெட்டிலிருந்து எழுந்து வந்தாள். எட்டி அந்த வலது கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஜன்னல் பக்கம் துண்டக் கட்டுன்னு எத்தன வாட்டி சொன்னேன், கேட்டியாடா பாவி?"

அப்போதுதான் அழுதாள். அன்றைக்குத்தான் கஞ்சி குடித்தாள்.

கிளிசரின் திருந்தவில்லை. இன்றைக்கும் மூஞ்சிகளைக் கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனாள்.

"எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருங்க அண்ணாச்சி. இந்தத் தடியன நம்ப முடியாது, மறுபடியும் மூணாறுக்குப் போயிருவான்."

அவர் பாட்டிலை எடுத்தார்.

"தண்ணி அடிக்காதீங்க. எனக்குத் தானா வேர்க்கும்" என்றாள்.

கிளிசரின் தன் பாட்டிலைக் கீழே வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மூன்றாவது விளக்கை என்னிடம் நீட்டினார். ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்தேன். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. இறக்கவில்லை.