நன்றிப் பக்கத்தால் வந்த வினை

எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அந்தச் சொல், மேடையில் கடைசியாகப் பேசுகிறவருக்கு மட்டுமே சொந்தம். உதவி செய்தவரிடம், "நேத்தே வந்திருக்கலாம்ல?" என்று கேட்டால் அதுவே நன்றி. அவரும் அதைப் புரிந்துகொண்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். இதெல்லாம் தெரிந்திருந்தும், அச்சில் நன்றி சொல்லி ஒரு குடும்பத்தையே கலங்கடித்தவள் நான்.

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள நான்கு ஊர்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'நாலூர் மடல்' என்று ஒரு பத்திரிகை நடத்துகிறேன். யார் வீட்டில் கல்யாணம், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், யாருடைய பசுவைக் காணோம், இவைதான் எங்கள் உலகச் செய்திகள். ஆசிரியர் நான். (அந்தக் காலத்தில் என் தலைக்கனத்தை மூட்டையில்தான் கட்டியிருக்க முடியும்.) பிழை திருத்துபவர் லூர்துசாமி சார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தனக்கு வரும் கல்யாணப் பத்திரிகையில்கூடச் சிவப்பு மையால் திருத்தம் போட்டுத் திருப்பிக் கொடுப்பவர். செய்தி சேகரிப்பது தையல் கடை கலைவாணி. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற நேரத்தில் ஒரு குடும்பத்தின் மொத்த வரலாற்றையும் எடுத்துவிடுவாள். பிரதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவது என் கணவர் ராஜேந்திரன். நடவு நாளில்கூட வயலிலிருந்து ஏறி, கால் சேறு காய்வதற்குள் மொபெட்டை எடுத்துவிடுவார்.

ஐந்தாம் ஆண்டு மலர் வந்தபோது, இவர்களுக்கெல்லாம் முறையாக நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஞானோதயம் பிறந்தது. அதையும் ரகசியமாகச் செய்ய ஆசை. அதனால் யாரிடமும் சொல்லாமல் மூன்று முறை தஞ்சாவூர் அச்சகத்துக்குப் போய், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நானே உட்கார்ந்து முடித்தேன். எழுதியது இப்படி:

'என் கணவருக்கு: இருபத்தேழு வருடமாக நீங்கள் செய்த எதற்கும் நான் நன்றி சொன்னதில்லை. இனியும் தள்ளிப்போடக் கூடாது. லூர்துசாமி சாருக்கு: என் பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள். கலைவாணிக்கு: நான் கோபத்தில் பேசிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.'

எழுதி முடித்துவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாக வந்திருப்பதாக நினைப்பு.

மலர் வெளியான மறுநாளே வீடு மாறிவிட்டது. என் கணவர் காலையில் எனக்கு முன்பே எழுந்து வாசல் தெளித்திருந்தார். கோலம் போடவில்லை, ஆனால் கோலமாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த தடயம் இருந்தது. மத்தியானம், 'நீ சாப்பிட்டியா?' என்று கேட்டார். நான் திரும்பி, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

சாயங்காலம் கலைவாணி ஒரு பை சாத்துக்குடியோடு வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிப்போன என் இட்லிப் பானையையும் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள். கலைவாணி பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லூர்துசாமி சார் அதற்கும் ஒரு படி மேலே போனார். அடுத்த இதழுக்கான என் தலையங்கத்தைப் படித்துவிட்டு ஒரு சிவப்புப் புள்ளிகூட வைக்காமல், "அப்படியே இருக்கட்டும்மா, நல்லாருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாள் குழம்பிவிட்டுக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் ரொம்ப நன்றாக எழுத ஆரம்பித்துவிட்டேன். (சிரிக்க வேண்டாம், மனதார நம்பினேன்.)

அடுத்த வெள்ளிக்கிழமை, பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து திருக்கடையூர் போய் வரலாம் என்று கலைவாணி சொன்னாள். வேனும் பேசிவிட்டார்களாம். எனக்குப் பொறி தட்டியது. எனக்குப் பாராட்டு விழா நடத்தப் போகிறார்கள், என்னிடம் மறைக்கிறார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். வேனில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஏற்புரையை மனப்பாடம் செய்தேன். எல்லோரும் என்னை அடிக்கடி பார்ப்பதும், நான் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். ரகசியம் காக்கத் தெரியாத ஜென்மங்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கோயிலில் இரண்டு மணை போட்டு, கலசம் வைத்து, ஹோம குண்டம் தயாராக இருந்தது. என் கழுத்திலும் என் கணவர் கழுத்திலும் மாலை போட்டார்கள். அங்கே கணக்கு கொஞ்சம் உதைத்தது. அறுபதாம் கல்யாணம் என்றால் என் கணவருக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எனக்கு அதற்கும் மேலே இருக்கிறது. சரி, பாராட்டோடு ஒரு பூஜையையும் சேர்த்துவிட்டார்கள் போல என்று நினைத்து, மணையில் உட்காராமல் நின்றபடியே ஏற்புரையைத் தொடங்கினேன்.

"நீங்க எல்லாரும் எனக்குச் செஞ்சதை நான் எப்பவும் மறக்க மாட்டேன். நான் இல்லாட்டியும் பத்திரிகை நிக்கக் கூடாது," என்றேன்.

கலைவாணி வாய்விட்டு அழுதாள். லூர்துசாமி சார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தூண் பக்கம் திரும்பினார். என் பேச்சின் சக்தியை எண்ணி நான் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதற்குள் என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"போதும் சுமதி. எந்த டாக்டர் சொன்னாரு? எத்தனை நாள்னு சொன்னாரு? அதை மட்டும் எங்கிட்ட சொல்லிடு."

"எந்த டாக்டருங்க?"

"தஞ்சாவூர் டாக்டரு. மூணு தடவை தனியா போனியே. பீரோவுல புடவைக்கு அடியில ஸ்கேன் கவரை ஒளிச்சு வச்சிருக்கியே. பிரிச்சுப் பாக்க எனக்கு தைரியம் வரலை."

அச்சுத்தாள் மடங்காமல் கொண்டுவர, மாமியாரின் முழங்கால் எக்ஸ்ரே கவரைத்தான் எடுத்துப் போயிருந்தேன். இருந்ததிலேயே பெரிய கவர் அதுதான். அதற்குள் இருந்தது நன்றிப் பக்கம் மட்டுமே. இதைச் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சாகப் போவதில்லை என்று சொன்னதற்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

குருக்கள்தான் முதலில் தெளிந்தார். "அடுத்த தம்பதி காத்துண்டிருக்கா. உட்காருங்கோ. ஆயுசு கூடினா யாருக்கு நஷ்டம்?"

உட்கார்ந்தோம். கலச நீரைத் தலையில் ஊற்றியபோது என் தலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றும்படி அவர் குருக்களுக்குக் கை காட்டினார். ஒரு வாரமாக இந்த மனிதர் தூங்கவில்லை, பயந்துபோய் வாசல் தெளித்திருக்கிறார். நானோ என் எழுத்தின் மகிமை என்று பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. எது முன்னால் வந்தது என்று கேட்டால் சந்தோஷம்தான்.

திரும்பும்போது மயிலாடுதுறை தாண்டியதும் அவர் முன்னால் பார்த்தபடியே, "இனிமே எதாச்சும் நல்லதா சொல்லணும்னா திட்டிச் சொல்லு. அதான் எனக்குப் புரியும்," என்றார். மறுநாள் லூர்துசாமி சார் தலையங்கத்தைக் கேட்டு வாங்கி, முப்பத்தோரு பிழை கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பத்திரிகையில் நன்றிப் பக்கம் கிடையாது. நாலு ஊரிலும் யார் யாருக்கு நன்றி சொன்னாலும், 'ரிப்போர்ட் வந்துடுச்சா?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் என் கணவருக்கு மட்டும் அது இன்னும் வேடிக்கை இல்லை. போன தையில் எங்கள் மகளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை பெங்களூரில் வளர்ந்த பிள்ளை. முதல் விருந்தில் சாம்பாருக்கு ஒரு 'தேங்க்ஸ் அத்தை', ரசத்துக்கு ஒரு 'தேங்க்ஸ் அத்தை' என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். பாயசம் வந்தபோது மூன்றாவது முறையும் சொன்னார். என் கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு, மகளை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்னம்மா? எங்ககிட்ட ஏன் மறைக்கிறே?" என்றார்.