இறக்கிவிட்டது ராமோனைத்தான்

வடக்கனந்தல்,
ஞாயிற்றுக்கிழமை.

எல்லா நலமும் பொருந்திய மாப்பிள்ளை தமிழ்வேந்தன் அவர்களுக்கு, மாமனார் காசிநாதன் நிறைய மரியாதையுடனும் கொஞ்சம் பயத்துடனும் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் அத்தை பெரியநாயகியும், கறவை மாடும், கரும்பும் சுகம். அங்கே நீங்களும், சந்தியாவும், புதிதாக வாங்கிய காரும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் பாதியிலேயே உங்களுக்குக் கோபம் வரும், சந்தியா வாங்கி "அப்பா, நீங்க வையுங்க" என்பாள். கடிதம் என்றால் நீங்கள் கோபப்பட்டு, படித்து முடித்து, தணிந்த பிறகுதான் எனக்குத் தெரியவரும். வியாழக்கிழமை நீங்கள் தூங்கி எழுந்தபோது, உங்கள் அம்மாவின் அழுகை போனில் வரிசையாகப் பதிவாகியிருந்தது என்றும், "வேல போனா போவட்டும் கண்ணு, கை இருந்தா போதும், வூட்டுக்கு வந்துடு" என்று அதில் இருந்தது என்றும், நீங்கள் முதலில் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்து "எனக்கு வேலை இருக்கிறதா" என்று கேட்டீர்கள் என்றும் சந்தியா சொன்னாள். அப்படிக் கேட்டதனால் உங்கள் மேலாளர் சந்தேகப்பட்டு உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராமே. அதற்கு நான் பொறுப்பல்ல. மற்றதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

ஆனால் மாப்பிள்ளை, நியாயமாகப் பார்த்தால் ஆரம்பம் உங்களுடையது. போன வருஷம் நாங்கள் அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது நீங்களும் சந்தியாவும் வேலைக்குப் போய்விடுவீர்கள், பெரியநாயகி சீரியல் பார்ப்பாள், நானும் உங்கள் வீட்டுப் பிரிட்ஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு சனிக்கிழமை "மாமா, உங்களுக்குப் பொழுது போவும்" என்று சொல்லி உங்கள் ஊர் மைதானத்துக்கு பேஸ்பால் பார்க்கக் கூட்டிப்போனது யார்? அங்கே போய் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் ஆட்டத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் அந்தக் கீரிப்பிள்ளைப் படம் போட்ட அணிக்காரர்கள் பந்து வீசும் பையன்களைத் தங்க வைத்திருந்தார்கள். அதில் ஒருவன் சாயங்காலமானால் கார் நிறுத்துகிற இடத்தில் தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பான். பந்து உருண்டு வந்தால் நான் எடுத்துப் போடுவேன். அவன் பெயர் ராமோன், ஏதோ தீவு நாட்டுக்காரன். அவனுக்கும் இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது, அதனால் இருவரும் தாராளமாகப் பேசினோம். ஒருநாள் நான் நம் கரும்புத் தோட்டத்தைப் போனில் காட்டினேன். அவன் துள்ளிக் குதித்துத் தன் போனில் ஒரு படம் காட்டினான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதே தலைப்பாகைத் துண்டு, கரும்புச் சோகை கிழித்த அதே கீறல் கையில். அப்புறம் நான் எப்படி அவனை விட்டுவிட்டு வருவேன், நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கு வந்த பிறகும் போனில் அவன் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். உங்களுக்கு இரவு ஆட்டம் என்றால் எனக்கு விடியற்காலை, சரியாக மோட்டார் போடுகிற நேரம். வீட்டில் ஆட்டம் ஓடுகிற அளவுக்கு சிக்னல் கிடைக்காது, கோமுகி வாய்க்கால் மேட்டில் கிடைக்கும். வாய்க்கால் மேட்டில் நின்று ஒருவன் போனைப் பார்த்து "கீழ போடுடா! கீழ!" என்று கத்தினால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் செல்லமுத்துவின் டீக்கடையில் உட்கார்ந்து ஊராருக்கு விளக்கினேன். அந்த விளையாட்டில் படிப்படியாக ஏற வேண்டும். முதலில் கீழ் ஏ, அது ஊராட்சி. அடுத்தது மேல் ஏ, அது நம் வடக்கனந்தல் மாதிரி பேரூராட்சி. அதற்கு மேல் ரெண்டு ஏ, கள்ளக்குறிச்சி நகராட்சி. மூன்று ஏ என்றால் மாநகராட்சி. எல்லாவற்றுக்கும் மேலே மேஜர் லீக், அது கோட்டை. ராமோன் உங்கள் ஊரில் பேரூராட்சியில் இருந்தான். இந்த வருஷம் நகராட்சிக்கு ஏற்றினார்கள். நான் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான் விளக்கியபோது கேட்டவர்கள் ஒரு கூட்டம், கேட்காதவர்கள் இன்னொரு கூட்டம். கேட்காத கூட்டம்தான் ஜாஸ்தி. அதோடு என் வாயில் ராமோன் என்ற பெயர் வராது, "நம்ம பையன்" என்றுதான் வரும். அங்கேதான் கெட்டது. அமெரிக்காவில் எனக்கு ஒரு "நம்ம பையன்" என்றால் ஊருக்கு அது யார்? நீங்கள்தான். ஒருநாள் சந்தோஷத்தில் கடைக்குள் நுழையும்போதே, "செல்லமுத்து, நம்ம பையன் நேத்து மட்டும் எட்டு ஸ்டிரைக்!" என்றேன். மட்டை பிடித்தவர்களில் எட்டுப் பேரை ராமோன் ஆட்டமிழக்க வைத்திருக்கிறான், அது எவ்வளவு பெருமை. செல்லமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "போன எடத்துல எதுக்கு மாமா ஸ்டிரைக்கு? பொழைக்கப் போனோமா, பொழைச்சோமான்னு இருக்க வாணாமா?" என்றான். நான் சிரித்தேன். தப்பு. அப்போதே திருத்தியிருக்க வேண்டும்.

இன்னொரு நாள், "நம்ம பையனுக்கு இப்ப ரெண்டரைதான்! இன்னும் கொறையும்!" என்றேன். அந்த விளையாட்டில் பந்து போடுகிறவனுக்கு ஒரு கணக்கு உண்டு, அது கம்மியாக இருந்தால்தான் கெட்டிக்காரன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர், "ரெண்டரையா? ரத்தமா? எங்க மச்சானுக்கு ஆறு இருந்தப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுனோமே" என்று கண் கலங்கினார். அவர் எழுந்து போன வேகத்தில் எனக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. அதற்கடுத்த வாரம் ராமோனுக்குத் தோளில் வலி வந்து, ரெண்டு ஆட்டம் சொதப்பி, அவனை மறுபடி உங்கள் ஊர் பேரூராட்சிக்கே அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. கடையில் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். "இன்னா மாமா?" என்றான் செல்லமுத்து. "நம்ம பையனை இறக்கிட்டாங்கடா. கை போயிடுச்சு" என்றேன். மாப்பிள்ளை, அந்த நேரத்தில் என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

செல்லமுத்துவின் கடையில் இருந்து உங்கள் அப்பா அம்மா இருக்கிற சங்கராபுரத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சேதி பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. உங்கள் அப்பா காதில் அது விழுந்தபோது இப்படி ஆகியிருந்தது: தமிழ்வேந்தன் கம்பெனியில் ஸ்டிரைக் செய்தான், போலீஸ் அடித்ததில் கை போய்விட்டது, ரத்தம் ரெண்டரைக்கு வந்துவிட்டது, வேலையில் இருந்து இறக்கிவிட்டார்கள், மாமனார் துக்கத்தை அடக்க முடியாமல் தினமும் வாய்க்கால் மேட்டில் நின்று கத்துகிறார். அவர்கள் உங்களுக்குப் போன் செய்தார்கள். உங்களுக்கு அது நடுநிசி, நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காததும் சேதியோடு சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை காலை நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. சம்பந்தி கொளஞ்சியப்பன் இறங்குகிறார், கையில் ஒரு பை மாதுளம்பழம், ஒரு கட்டு முருங்கைக்கீரை. அமெரிக்காவில் இருக்கிற ரத்தத்துக்கு வடக்கனந்தலில் முருங்கைக்கீரை! பின்னாலேயே உங்கள் அம்மா விஜயலட்சுமி என்னைப் பார்த்ததும், "எம்புள்ளைய இன்னா பண்ணி வெச்சிருக்காங்க, சொல்லுங்கண்ணா" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியநாயகி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் சம்பந்தியம்மா அழுவதைப் பார்த்துத் தானும் அழுதாள். நான் தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சம்பந்தி பக்கம் திரும்பினேன்.

"சம்பந்தி, மாப்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்காரு."

"மறைக்காதீங்க. இறக்கிட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இறக்குனது ராமோனைங்க."

"ராமன் யாரு?"

அந்த ஒரு கேள்விக்கு நான் கீழ் ஏ-வில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல உங்கள் அம்மாவின் அழுகை குறைந்தது, உங்கள் அப்பாவின் முகம் சிவந்தது. முடித்ததும் அவர் எழுந்து நின்றார். "ஊருல போறவன் கை வலிச்சதுக்கு நாங்க காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அவன் எவ்ளோ வேகமா பந்து போடுறான்?" என்றார்.

"மணிக்குத் தொண்ணூத்தாறு மைலுங்க" என்றேன், யோசிக்காமல்.

"அது தெரியுது. எம்புள்ள அங்க இன்னா வேலை செய்யுறான்? சொல்லுங்க பாக்கலாம்."

"கம்ப்யூட்டர்லங்க."

"கம்ப்யூட்டர்ல இன்னா?"

மாப்பிள்ளை, எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் சோற்றைச் சாப்பிட்டு வந்தவன், எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "நீங்க சொல்லுங்க சம்பந்தி" என்றேன். அவர் நிமிர்ந்தார், வாயைத் திறந்தார், கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தார். "அதான்... கம்ப்யூட்டர்ல" என்றார். பிறகு உங்கள் அம்மாவைப் பார்த்தார். உங்கள் அம்மா பெரியநாயகியைப் பார்த்தார்கள். பெரியநாயகி மாட்டைப் பார்த்தாள். பெற்றவர்கள் இருவர், பெண் கொடுத்தவர்கள் இருவர், நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்களைப் பழிக்கவில்லை, மாப்பிள்ளை. ஆனால் உங்கள் வேலையில் பார்க்க என்ன இருக்கிறது? பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், திடீரென்று "ச்சே" என்பீர்கள், மறுபடி பார்ப்பீர்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று எழுதிப் போட ஒரு பலகை உண்டா? நீங்கள் நன்றாகச் செய்த அன்று கை தட்ட ஒரு கூட்டம் உண்டா? அப்படி உங்கள் கம்பெனியும் வைத்திருந்தால் நான் வாய்க்கால் மேட்டில் நின்று உங்களுக்காகவும் கத்தியிருப்பேன்.

கடைசியில் உங்கள் அம்மாதான், "அந்தப் பையன் மூஞ்சியக் காட்டுங்கண்ணா" என்றார்கள். அவனை ஆட்டத்தின் நடுவில் எடுத்துவிட்ட நாள் படத்தைப் போட்டேன். பெஞ்சின் ஓரத்தில், தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு, தொப்பியை இறக்கி மூஞ்சியை மறைத்து உட்கார்ந்திருப்பான். "அழுவுறான் பாவம். இவங்கம்மா எங்க?" என்றார்கள். "அந்தத் தீவுலங்க. கரும்பு வெட்டுறாங்க" என்றேன். அதுவரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த உங்கள் அப்பா, "கரும்பா? ஆலைக்கரும்பா?" என்று திரும்பினார். நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாதுளம்பழத்தை உரித்து நான்கு பேரும் தின்றோம். முருங்கைக்கீரையைப் பெரியநாயகி பொரியல் செய்தாள்.

ஒரே ஒரு சிக்கல். வரும் வழியில் உங்கள் அம்மா கல்வராயன் மலைமேல் இருக்கிற சாமிக்கு, கை சரியானால் உங்களுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "உங்க புள்ள கைக்கு ஒண்ணுமில்லையே" என்று சொல்லிப் பார்த்தேன். "கை யாருதா இருந்தா இன்னாண்ணா? வேண்டுனது நான், முடி எம்புள்ளைது" என்கிறார்கள். அடுத்த முறை வரும்போது முடி வெட்டிக்கொண்டு வந்து காசை வீணாக்க வேண்டாம்.

உங்கள் அப்பா புறப்படும்போது என்னைச் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். இனி அந்த ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன், டீக்கடையில் அந்தப் பையன் பேச்சை எடுக்க மாட்டேன், இனி "நம்ம பையன்" என்றால் அது நீங்கள் ஒருவர்தான். எல்லோர் முன்னாலும் போனில் இருந்து ஆட்டம் காட்டுகிற ஆப்பை அழித்துவிட்டேன். அழிக்கும்போது மனசு என்னவோ போல இருந்தது, ஆனால் அழித்துவிட்டேன். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு அங்கே என்ன வேலை, உங்களுக்கு மேலே எத்தனை படி இருக்கிறது, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள், போன வாரம் எப்படிச் செய்தீர்கள் என்று எங்கள் நால்வருக்கும் விளங்குகிற மாதிரி எழுதுங்கள். ஏறினாலும் எழுதுங்கள், இறக்கினாலும் எழுதுங்கள். இறக்கினால் நாங்கள் கையை விட்டுவிட மாட்டோம், அதற்கு ராமோனே சாட்சி. அடடா, பேச்சை எடுத்துவிட்டேன். இது டீக்கடை இல்லை, அதனால் சத்தியத்தில் சேராது.

உங்கள் இருவருக்கும் நிறைந்த ஆயுளும், நிம்மதியான தூக்கமும், சந்தேகப்படாத மேலாளரும் கிடைக்க ஊர் எல்லைச் சாமி துணை நிற்கட்டும். என் மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள், நீங்களும் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னேற்றத்தை மட்டுமே இனிக் கவனிக்கப்போகும் மாமனார்,
காசிநாதன்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, சங்கராபுரத்தில் இருந்து உங்கள் அம்மா போன். ராமோனுக்குத் தோள் சரியாகி, மறுபடி ரெண்டு ஏ-வுக்கு ஏற்றிவிட்டார்களாம்! நான் பார்க்கவில்லை, சத்தியம் சத்தியம்தான். உங்கள் அப்பா மூன்று நாளாக விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்று போனில் ஆட்டம் பார்க்கிறாராம், என்ன கத்தல் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். அந்த நகராட்சி உங்கள் ஊரில் இருந்து காரில் ஒருநாள் வழியாமே? "புது ஊருல அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா, ஒரு வாய் ரசஞ்சோறு யாரு குடுப்பா? நம்ம பையனுக்கு எந்த ஊருல ஒக்காந்தாலும் அதே கம்ப்யூட்டர்தான, அங்கயே மாத்தல் வாங்கிக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். சம்பந்தியும் அதையே சொல்கிறார். பெரியநாயகியும். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வீடு பார்க்கும்போது மைதானத்துக்குப் பக்கமாகப் பாருங்கள், நாங்கள் நான்கு பேரும் வந்தால் நடந்து போக வசதியாக இருக்கும்.